ஆய்வுகூடமும் சமூகமும்: கொழும்பின் பிரயோக விஞ்ஞான ஆராய்ச்சி வரலாறு பற்றிய சில குறிப்புகள்

விஞ்ஞானம் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்ட தூய அறிவு என்னும் கருத்து நமது கல்வியுலகில் இன்றும் வலுவுடன் நிலவுகின்றது. இயற்கையின் விதிகள் எவருடைய விருப்பு வெறுப்புக்கும் கட்டுப்படாதவை என்பது உண்மையே. ஆனால் அவ்விதிகளுள் எவை, எப்பொழுது, எவருடைய செலவில், எந்நோக்கத்துக்காக ஆராயப்படுகின்றன என்பதைச் சமூகமே தீர்மானிக்கின்றது. ஜே. டி. பேர்ணல் விஞ்ஞானத்தின் சமூகப் பணி குறித்து 1939இல் வெளியிட்ட நூல் இவ்வுண்மையை விரிவாக நிறுவிற்று. கைத்தொழிலுக்கும் மக்கள் வாழ்வுக்கும் நேரடியாகப் பயன்படுவதெனக் கொள்ளப்படும் பிரயோக ஆராய்ச்சியில் இச்சமூகத் தீர்மானம் மிகத் தெளிவாகப் புலப்படும். அங்கே ஆய்வுகூடத்துள் நுழையும் ஒவ்வொரு மாதிரிப்பொருளுக்கும் அதனைக் கொணர்ந்தவர் ஒருவர் உண்டு. அவருக்கு ஒரு வினாவும் உண்டு.

இலங்கையின் பிரயோக ஆராய்ச்சி வரலாற்றை அவ்வினாக்களின் வரலாறாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வாளர் இத்துறையுள் புகுதல் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். அறிவு எவ்வாறு பிறக்கின்றது, எம்மொழியில் பதிவாகின்றது, எவரைச் சென்றடைகின்றது என்பன பண்பாட்டு வரலாற்றின் வினாக்களாதலின் அவற்றை நாம் தவிர்த்தல் இயலாது. கொழும்பை மையமாகக் கொள்வதற்கும் காரணம் உண்டு. இந்நாட்டின் துறைமுகம், ஆலைகள், ஆய்வுகூடங்கள் ஆகிய மூன்றும் சில மைல் தூரத்துக்குள் அமைந்த நகரம் இதுவே. அவற்றுக்கிடையே தமிழ் மக்கள் செறிந்து வாழும் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் அமைந்துள்ளன.

1

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இந்நாட்டில் நிகழ்ந்த முறையான பிரயோக ஆராய்ச்சியைப் பேசுமிடத்து ஆனந்த குமாரசுவாமியின் பெயரை முதலிற் குறிப்பிடல் வேண்டும். கலை வரலாற்றறிஞராக உலகம் அறிந்த அவர் தொழிலாற் புவியியலாளர். 1877இல் கொழும்பிற் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டனிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்றவர். 1900ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய ஆய்வுக் கட்டுரையொன்றை வெளியிட்டார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுத் துறையின் முதல் இயக்குநராகப் பணியாற்றினார். 1904இல் இரத்தினக்கல் மண்ணிலிருந்து கிடைத்த பாரமான கருங்கனியமொன்று அவர் கவனத்துக்கு வந்தது. அதனை முழுமையாகப் பகுத்தறிதல் இலண்டனில் இருந்த ஏகாதிபத்திய நிறுவகத்திலேயே நிகழ்ந்தது. தோரியனைற்று என்ற பெயரும் அங்கேயே இடப்பட்டது.

இந்நிகழ்ச்சி அக்கால ஆய்வின் அமைப்பைத் துலக்கமாகக் காட்டுகின்றது. மண் இலங்கையினது, அதனைத் தேடி அலைந்தவர் இலங்கையர், பகுப்பாய்வும் பெயரும் பயனும் ஏகாதிபத்தியத் தலைநகரினவை. கனிப்பொருளாய்வுத் துறையிடம் குடியேற்ற அரசு கேட்ட வினா, ஏற்றுமதி செய்யத்தக்கது யாது என்பதே. இங்கு எதனை உற்பத்தி செய்யலாம் என்று அது கேட்கவில்லை.

காரீயத்தின் வரலாறும் இதனையே உறுதிப்படுத்தும். உருக்கு ஆலைகளின் மூசைகளுக்கு இன்றியமையாத இலங்கைக் காரீயத்துக்கு முதலாம் உலகப்போர்க் காலத்தில் பெருங்கேள்வி ஏற்பட்டது. 1916இல் ஏற்றுமதி சுமார் 33,000 தொன்னை எட்டிற்று. சுரங்கத்திலிருந்து வந்த கட்டிகளை உடைத்து, அரித்து, தரம்பிரித்து, பீப்பாய்களில் அடைக்கும் வேலை கொழும்புக் களஞ்சியங்களிலே கைகளால் நடைபெற்றது. பெண்கள் பெருமளவில் அதில் ஈடுபட்டனர். கண்ணாலும் விரலாலும் தரமறியும் அத்தொழிலாளரின் நுண்ணறிவே அன்றைய தரக்கட்டுப்பாடு. அது எந்த அறிக்கையிலும் விஞ்ஞானம் எனக் கணிக்கப்படவில்லை. மூசை செய்யும் தொழில் கடல்கடந்த நாடுகளில் வளர்ந்தது. தூசு கொழும்புத் தொழிலாளியின் சுவாசப்பையில் தங்கிற்று.

குமாரசுவாமி இம்முரண்பாட்டை உணராதவரல்லர். 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை'யில் அருகிச்சென்ற உள்ளூர் இரும்பு, உருக்குத் தொழில்நுட்பத்தையும் பதிவுசெய்தார். சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் விசையால் இயங்கிய பண்டை இரும்புருக்கு உலைகளை அகழ்வாராய்ச்சியாளர் கில் யூலெவ் 1996இல் உலகுக்கு வெளிப்படுத்தியபொழுது அப்பதிவின் பெறுமதி மேலும் தெளிவாயிற்று. ஆயினும் கைவினைஞனின் அழிவுக்குக் குமாரசுவாமி கண்ட மாற்று, கடந்தகால சமூக அமைப்பின் மீதான ஏக்கமாகவே அமைந்தது. நவீன விஞ்ஞானத்தை உழைப்பவர் கையிற் சேர்க்கும் வழியை அவர் தேடவில்லை. நம் நாட்டு முதல் விஞ்ஞான நிர்வாகி விஞ்ஞானத்தைக் கைவிட்டுக் கலைக்குச் சென்றமை தனிமனித விருப்பம் மட்டுமன்று. குடியேற்ற நாட்டு விஞ்ஞானத்தின் வறுமைக்கும் அது சான்றாகும்.

2

இதனைத் தொடர்ந்து எழுந்தவை பெருந்தோட்டப் பயிர்களுக்கான ஆராய்ச்சி நிறுவகங்கள். இறப்பருக்கான ஆராய்ச்சி முன்னரே தொடங்கியிருக்க, 1925இல் தேயிலைக்கும் அத்தசாப்தத்தின் இறுதியில் தெங்குக்கும் தனி அமைப்புகள் ஏற்பட்டன. ஏற்றுமதி மீதான தீர்வையே அவற்றின் நிதிமூலம். நோய், உரம், விளைச்சல் ஆகியன பற்றி அவை செய்த பணி தரத்திற் குறைந்ததன்று. ஆனால் தேயிலைச் செடியின் கொப்புள நோயை ஆராய்ந்த அளவுக்கு அச்செடியின் கொழுந்தைப் பறித்தவளின் இரத்தச்சோகையை எவரும் ஆராயவில்லை. செடி மூலதனத்தின் பகுதி. அவளோ கூலிக் கணக்கின் பகுதி.

கைத்தொழிலுக்கு இத்தகைய அமைப்பு எதுவும் இருக்கவில்லை. வெள்ளவத்தையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நூற்பு நெசவு ஆலை, நகரின் நவீன கைத்தொழில்களுள் முதன்மையானது. அதன் இயந்திரமும் நுட்பமும் இறக்குமதியானவை. 1933இல் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் ஒரு திருப்பம், கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் மார்க்சியவாதிகள் ஆலைத் தொழிலாளருடன் இணைந்தமையும் 1935இல் இலங்கைச் சமசமாசக் கட்சி தோன்றியமையும் தொடர்புடைய நிகழ்ச்சிகள். நம் பொருளுக்கு வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பஞ்சுத்தூசு, வெப்பம், இரைச்சல் ஆகியவற்றை அளந்தறியும் ஆய்வுகூடம் ஒன்றும் நகரில் இல்லாத காலத்தில், தம் வேலைநிலைமையைப் பற்றிப் பேசத் தொழிலாளருக்கு இருந்த ஒரே கருவி வேலைநிறுத்தமாகும்.

இரண்டாம் உலகப்போர் இறக்குமதியைத் தடுத்தபொழுதே உள்நாட்டு உற்பத்தி பற்றிய வினா அரசின் முன் எழுந்தது. ஜிந்தோட்டையில் ஒட்டுப்பலகை, மாதம்பையில் இறப்பர்ப் பாலை உறையச்செய்யும் அசற்றிக்கமிலம் என அரசாங்கத் தொழிற்சாலைகள் தோன்றின. போர் முடிந்து கப்பல்கள் மீண்டும் வரத் தொடங்கியதும் அத்தகைய தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. நெருக்கடி கற்பித்த பாடம் நெருக்கடியோடு மறக்கப்பட்டது. இப்போக்கு பிற்காலத்திலும் தொடர்வதைக் காண்போம்.

3

சுதந்திரத்தின் பின், 1951இன் இறுதியில் சேர் சிட்னி கெயின் தலைமையில் உலக வங்கித் தூதுக்குழு இலங்கைக்கு வந்தது. பிரயோக ஆராய்ச்சிக்கென நிறுவகமொன்று வேண்டுமென்பது அக்குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று. 1955ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகம் உருவாயிற்று. அது அமைந்த இடம், முன்னர் புல்லர்ஸ் வீதி என வழங்கிய இன்றைய பௌத்தாலோக மாவத்தை. கறுவாக்காடு என நம்மவர் வழங்கும் பகுதி.

இவ்விடத்து அயல்நாட்டு அனுபவம் ஒப்புநோக்கத்தக்கது. சென்னையில் 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவகம் தோன்றியபொழுது, தோல் பதனிடும் தொழில் அதன் வாசலிலேயே இருந்தது. நாயுடம்மா போன்ற விஞ்ஞானிகள் தொழிலையும் தொழிலாளரையும் நேரிற் கண்டு ஆராய்ச்சியை வகுக்க முடிந்தது. கொழும்பிலோ நிறுவகம் முதலில் வந்தது. கைத்தொழில் இனிமேல் வரவேண்டியிருந்தது. வினா கேட்பவர் உருவாகுமுன் விடை கூறுபவர் அமர்த்தப்பட்டார் எனலாம்.

எனினும் அக்காலகட்டத்தை வெறுமையானதெனக் கொள்ளல் தவறு. காங்கேசன்துறையில் சீமெந்து, பரந்தனில் எரிசோடாவும் குளோரினும், வாழைச்சேனையில் வைக்கோலைக் கொண்டு காகிதம், புல்மோட்டையில் கனிய மணல் என அரசுக் கூட்டுத்தாபனங்கள் வளர்ந்தன. இவற்றுட் பல தமிழ்ப் பிரதேசங்களில் அமைந்தமை கவனித்தற்குரியது. ஆனையிறவின் உப்பு பரந்தனில் குளோரினாக மாறிக் குடிநீரைத் தூய்மையாக்கியது என்பது, பிரதேசங்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் ஒரு தேசியப் பொருளாதாரம் அரும்பியமைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபொழுது, உள்ளூர் மூலப்பொருளை எவ்வாறு பயன்படுத்தலாம் என்ற வினா ஆய்வுகூடத்தை உண்மையாகவே வந்தடைந்தது.

கறுவா பற்றிய ஆராய்ச்சி அதன் சிறந்த பேறுகளுள் ஒன்று. ஆர். ஓ. பீ. விஜேசேகரவும் அவருடன் பணியாற்றியோரும் 1970களில் செய்த ஆய்வுகள், ஒரே மரத்தின் மூன்று உறுப்புகள் மூன்று வேறுபட்ட எண்ணெய்களைத் தருவதை விளக்கின. பட்டையெண்ணெயில் சினமல்டிகைட்டும், இலையெண்ணெயில் இயூஜினோலும், வேர்ப்பட்டை எண்ணெயில் கற்பூரமும் முதன்மை பெறுகின்றன. எனவே எதனை, எவ்வாறு வடிக்கிறோம் என்பதிலேயே எண்ணெயின் தரம் தங்கியுள்ளது. பட்டையாக ஏற்றுமதி செய்த நாடு, எண்ணெயைத் தரமாக வடித்து அதன் பெறுமதியைக் கூட்டலாம் என்பதற்கு இது அடிப்படை ஆயிற்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் கட்டாய ஊழியத்தின் மூலம் பிடுங்கப்பட்ட பொருள் கறுவா. 1769இல் ஒல்லாந்த ஆளுநர் பல்க் மருதானையிற் செய்கையைத் தொடங்கியதன் நினைவாகவே கறுவாக்காடு என்ற பெயர் நிலைக்கின்றது. அப்பொருளை மரத்தின் உள்ளிருந்து அறிந்துகொள்ளும் ஆற்றல் அதே நிலத்தில் இந்நாட்டவர் கைக்கு வந்தமையை வரலாற்று முன்னேற்றமாகவே நாம் மதிப்போம்.

ஆயினும் பட்டை உரிப்பவரின் உழைப்பு அவ்வறிவினால் எவ்வளவு மாறிற்று? வடித்தலின் பயன் வடிசாலை உடையவருக்கும் ஏற்றுமதியாளருக்கும் சென்றடைந்த அளவுக்கு அவரைச் சென்றடையவில்லை. உற்பத்திச் சக்திகள் வளர்ந்தன; உற்பத்தி உறவுகள் அவ்வாறே இருந்தன.

4

வினாவைச் சமூகமே கேட்குமாயின் விஞ்ஞானம் எவ்வாறு இயங்கும் என்பதற்கு இதே நகரில் இதே காலத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலையும், மருத்துவரும் கம்யூனிஸ்ட் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் மருந்து வழங்கல் பற்றிய அறிக்கையை அளித்தனர். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. நோயாளிக்கு உண்மையிலேயே வேண்டிய மருந்து எது என்ற எளிய வினாவிலிருந்து தொடங்கி, சுமார் 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்து வகைகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயருக்குப் பதிலாகப் பொதுப் பெயர் வழக்குக்கு வந்தது. உலகச் சந்தையில் போட்டி விலைக்கு மொத்தமாகக் கொள்வனவு செய்யப்பட்டது.

புதிய மூலக்கூறு ஒன்றையும் பிபிலை கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்தியல் அறிவை ஏழை நோயாளியின் நிலைநின்று ஒழுங்குபடுத்தினார். அதுவே பல்தேசியக் கம்பனிகளின் கடும் எதிர்ப்புக்குக் காரணமாயிற்று. அவர் 1977 செப்டெம்பரில் கயானாவில் காலமானார். அவ்வாண்டு பதவியேற்ற அரசின் காலத்தில் அக்கொள்கை நலிவுற்றபோதும், மூன்றாம் உலக நாடுகள் பலவற்றுக்கு அது முன்மாதிரியாயிற்று. பிரயோக விஞ்ஞானத்தின் வெற்றியை உரிமக் காப்புகளின் எண்ணிக்கையால் மட்டும் அளப்போர் இதனைச் சிந்தித்தல் நன்று.

5

1977இல் தொடங்கிய திறந்த பொருளாதாரம் ஆய்வுகூடத்தின் வினாக்களை மாற்றியது. பொருள்களும் அவற்றின் நுட்பமும் ஒருங்கே இறக்குமதியாயின. உள்ளூர் மூலப்பொருளுக்குப் புதிய பயன் தேடும் தேவை குன்ற, ஏற்றுமதிப் பொருள் வெளிநாட்டு நியமத்துக்கு அமைந்துள்ளதா என்று சான்றளிக்கும் தேவை ஓங்கிற்று. 1983 யூலையில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தபொழுது, தமிழருக்கு உரிமையான தொழிற்சாலைகளும் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் எரியூட்டப்பட்டன. பயிற்சிபெற்ற விஞ்ஞானிகளும் பொறியியலாளரும் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்தனர். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் போரினால் இயக்கமிழந்தன. பேரினவாதம் மனிதரை மட்டும் அழிக்கவில்லை. மூன்று தசாப்தங்களாகத் திரண்ட உற்பத்தி அறிவையும் அது சிதறடித்தது.

1994ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க விஞ்ஞான தொழினுட்ப அபிவிருத்திச் சட்டத்தின் கீழ், 1998 ஏப்ரிலில் பழைய நிறுவகம் கைத்தொழில் தொழினுட்ப நிறுவகமாக மாற்றியமைக்கப்பட்டது. கட்டணம் பெற்றுச் சேவை வழங்குதல் அதன் பணிகளுள் முக்கிய இடம்பெற்றது. பரிசோதனைச் சேவையை நாம் இழித்துரைக்கவில்லை. கசியா எனப்படும் மலிவான பட்டையில் ஈரலுக்குத் தீங்கான கூமரின் மிகுதியாகவும் இலங்கைக் கறுவாவில் மிகச் சிறிதாகவும் உண்டென்பதை ஆய்வுகூடமே நிறுவ முடியும். 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு கிடைத்தமைக்குப் பின்னால் இத்தகைய அறிவும் நிற்கின்றது. ஆனால் கட்டணமே வாயிலாகும்போது, கட்டணம் செலுத்த இயலாதவரின் வினா வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகின்றது. நகரச் சூழலின் வரலாறு இதனையே காட்டுகின்றது.

6

தேசியச் சுற்றாடற் சட்டம் 1980இல் நிறைவேறியது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை 1981இல் அமைந்தது. ஆலையின் கழிவுநீரும் அளவிடத்தக்க பொருள் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்ள, வெள்ளவத்தை ஆலை எழுந்த காலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. நீரிலுள்ள சேதனக் கழிவை அளக்க, அதன் மாதிரியை 20 பாகை செல்சியசில் 5 நாள் வைத்து நுண்ணுயிர்கள் எவ்வளவு ஒட்சிசனை நுகர்கின்றன என்று பார்ப்பர். இப்பரிசோதனை அரிதான நுட்பமன்று. ஆயின் வெள்ளவத்தைக் கால்வாயின் கரையில் வாழும் குடும்பம் தன் வாசலில் ஓடும் நீரை ஒரு போத்தலில் எடுத்துச்சென்று விடை பெற்ற வரலாறு அரிது.

நகரின் மலக்கழிவு வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் நீண்ட குழாய்கள் வழியே கடலுட் செலுத்தப்படுகின்றது. குப்பையோ கொட்டாஞ்சேனையை அடுத்த புளுமெண்டல் வீதியருகே மலையாகக் குவிந்தது. உயர்நீதிமன்றத் தலையீட்டினால் 2009இல் அங்கு கொட்டுதல் நிறுத்தப்பட்டபொழுது சுமை மீதொட்டமுல்லைக்கு மாறிற்று. 2017 ஏப்ரில் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தில், அம்மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குப்பையினுள் நீர் ஊறுவதும், வாயு திரள்வதும், சரிவு செங்குத்தாகும்போது அது நிலைகுலைவதும் மண்ணியக்கவியலுக்குப் புதிய செய்திகளல்ல. அறிவு நகரில் இருந்தது; அவ்வறிவு யாருக்காகச் செயற்பட வேண்டுமோ அவர்களுக்கு அதனை ஏவும் அதிகாரம் இருக்கவில்லை.

சென்னை நிறுவகத்தின் துணைகொண்டு வளர்ந்த தோல் தொழிலும் பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்தது. 1996இல் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை அதன் விலையை உழவரே செலுத்தினர். உற்பத்திக்குத் துணைபோகும் விஞ்ஞானம், அவ்வுற்பத்தியின் கழிவைச் சுமப்போருக்கும் தானாகவே துணைபோகும் என எதிர்பார்த்தல் வீண் என்பதையே இரு நாட்டு அனுபவமும் உணர்த்துகின்றன.

7

இறுதியாக மொழி பற்றிய வினாவுக்கு வருவோம். மானிப்பாயில் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன், இரசாயனத்தைத் தமிழிற் கூறும் 'கெமிஸ்தம்' என்னும் நூலை 1875இலேயே வெளிக்கொணர்ந்தார். சுதந்திரத்தின் பின் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற் தொகுதிகளைத் தயாரித்தது. பாடசாலை விஞ்ஞானம் தமிழ்மொழியில் ஒரு தலைமுறையை உருவாக்கிற்று. ஆனால் ஆய்வுகூட அறிக்கை ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. தமிழும் சிங்களமும் பரீட்சை மண்டபத்து விஞ்ஞான மொழிகளாயின. ஆலையிலும் கால்வாய்க் கரையிலும் அவை அவ்வாறு ஆகவில்லை. இது சொல்வளக் குறைபாட்டின் விளைவன்று. அறிக்கையைப் படிக்க வேண்டியவர் யார் என்ற வர்க்கத் தீர்மானத்தின் விளைவு.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது நிறுவகங்களின் ஆவணங்களைக் கோரும் உரிமையைக் குடிமகனுக்கு அளித்துள்ளது. கொட்டாஞ்சேனைவாசி ஒருவர் தம் சூழலின் நீர், காற்றுப் பரிசோதனை முடிவுகளைக் கோரிப் பெறலாம். கையிற் கிடைப்பது விளக்கமற்ற ஆங்கில எண்நிரலாயின் உரிமை பாதியிலே நின்றுவிடும். இவ்விடத்தே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஆய்விதழ்களுக்கும் தெளிவான பணியொன்று உண்டு. விஞ்ஞான பீட மாணவரும் மொழித்துறை மாணவரும் ஒன்றுசேர்ந்து, கிடைக்கும் பரிசோதனை அறிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கி வெளியிடலாம். கட்டணம் செலுத்த இயலாத குடியிருப்புகளின் மாதிரிகளைப் பரிசோதிக்கப் பொதுநிதி ஒதுக்கவேண்டும் எனத் தொழிற்சங்கங்களோடு இணைந்து கோரலாம்.

நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் கொழும்பின் ஆய்வுகூடங்கள் தம்மிடம் கேட்கப்பட்ட வினாக்களுக்குப் பெரும்பாலும் திறமையாகவே விடை கூறின. ஏகாதிபத்தியம் கேட்டபொழுது கனிப்பொருளையும், தோட்ட முதலாளி கேட்டபொழுது பயிரையும், தேசிய அரசு கேட்டபொழுது மூலப்பொருளையும், ஏற்றுமதியாளர் கேட்டபொழுது தரத்தையும் அவை அறிந்து கூறின. பிபிலையின் குறுகிய காலத்தில் நோயாளியின் வினாவுக்கும் விடை கிடைத்தது. ஆகவே குறை விஞ்ஞானியின் ஆற்றலில் இல்லை. ஆலைத் தொழிலாளியும், பட்டை உரிப்பவரும், கால்வாய்க் கரையினரும் வினா கேட்கும் உரிமையை அமைப்புரீதியாகப் பெறும்பொழுதே பிரயோக விஞ்ஞானம் என்னும் தொடரிலுள்ள பிரயோகம் யாருக்கானது என்பது தெளிவாகும். அவ்வுரிமை சட்டத்தால் மட்டும் வருவதன்று. 1933இல் வெள்ளவத்தையிற் போன்று, ஒன்றுசேர்ந்து கேட்பவர்களாலேயே அது பெறப்படும்.